உள்ளே ராடு இருக்கும்போது காந்தத் துடிப்புச் சிகிச்சை எடுக்கலாமா?

நீங்கள் எழுதியதை நான் புரிந்துகொண்டபடி முதலில் சொல்லிவிடுகிறேன். அப்பாவுக்கு 61 வயது, சர்க்கரை உண்டு. கீழ்க்காலின் பெரிய எலும்பு முறிந்து, உள்ளே ராடு போட்டு ஏழு மாதம் ஆகிறது. எக்ஸ்ரேயில் எலும்பு முழுதாகக் கூடவில்லை, ஊன்றினால் வலிக்கிறது. பக்கத்துப் பிசியோதெரபி நிலையத்தில் 'காந்த மெஷின் வைத்தால் எலும்பு வளரும், தினம் 20 நிமிடம், பதினைந்து நாள் வாருங்கள்' என்கிறார்கள். வீட்டிலோ, உள்ளே இருக்கிற கம்பி சூடேறிவிடும் என்று பயப்படுகிறார்கள். பதினோரு வருடத்துக்கு முன் இடுப்பு மூட்டு மாற்றிய அம்மாவுக்கு இப்போது தொடைக்குள் இருக்கும் தண்டு தளர்ந்திருக்கிறதாம், அதற்கும் இது உதவுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். இதற்குள் மூன்று கேள்விகள் இருக்கின்றன. உலோகத்தால் ஆபத்து வருமா? அந்த மெஷின் எலும்பைச் சேர்க்குமா? அப்பாவின் எலும்பு சேராமல் இருப்பதற்கான காரணம் அந்த மெஷினால் தீரக்கூடியதுதானா? முதல் கேள்விக்கு உறுதியாகப் பதில் சொல்லலாம். இரண்டாவதற்குப் பாதிதான் உறுதி. மூன்றாவதை எக்ஸ்ரேயும் ரத்தப் பரிசோதனையும் பார்க்காமல் யாராலும் சொல்ல முடியாது, என்னாலும் முடியாது. ஆனால் நீங்கள் எடுக்கவேண்டிய முடிவு அந்த மூன்றாவதில்தான் இருக்கிறது.

முதலில் அது என்ன மெஷின் என்று பாருங்கள். 'காந்தம்', 'மேக்னடிக்' என்ற பெயரில் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத நான்கு பொருள்கள் புழங்குகின்றன. நிலையான காந்தம் வைத்த வளையல், பட்டை, மெத்தை ஆகியவை ஒரு வகை. எலும்பு மருத்துவத்தில் ஆராயப்பட்ட குறைந்த அதிர்வெண் காந்தத் துடிப்பு இன்னொரு வகை, பி.இ.எம்.எஃப். என்பது இதைத்தான். மூன்றாவது ஷார்ட்வேவ் டயாதெர்மி, அதாவது 27.12 மெகாஹெர்ட்ஸ் ரேடியோ அலையால் உள்தசையைச் சூடேற்றும் கருவி. நான்காவது, தசையைத் துள்ளவைக்கும் அளவுக்கு டெஸ்லா (காந்த வலிமையின் அலகு; அதில் ஆயிரத்தில் ஒரு பங்கு மில்லிடெஸ்லா) கணக்கில் அடிக்கும் பெரிய காந்தக் கருவி. கடைசி இரண்டையும் உலோகம் உள்ள இடத்தில் வைக்கவே கூடாது. டயாதெர்மியில் மின்னோட்டம் உலோகத்தின் விளிம்புகளில் குவிந்து, சுற்றியுள்ள தசையை உள்ளுக்குள்ளேயே சுட்டுவிடும். தோலில் அடையாளம்கூடத் தெரியாது. உங்கள் வீட்டில் எழுந்த பயம் இந்தக் கருவியைப் பற்றியதென்றால் அது முழுக்க நியாயமான பயம். மெஷினின் பின்பக்கத் தகட்டில் அதிர்வெண் எழுதியிருக்கும். மெகாஹெர்ட்ஸ் என்றிருந்தால் அப்பாவின் காலுக்கு வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். சில ஹெர்ட்ஸிலிருந்து நூறு ஹெர்ட்ஸ் வரை, வலிமை மில்லிடெஸ்லாவில் என்றிருந்தால் மேலே படியுங்கள்.

அந்தக் குறைந்த அதிர்வெண் வகையில் ராடு சூடாகாது. எலும்புக்குள் வைப்பது சாதாரண இரும்பில்லை: 316 எல் வகை ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், டைட்டானியக் கலவை, மூட்டுகளில் கோபால்ட் குரோமியம். மூன்றையுமே காந்தம் இழுப்பதில்லை என்றே சொல்லலாம். எலும்புக்கான கருவியின் வலிமை பெரும்பாலும் 2 மில்லிடெஸ்லாவுக்குள்தான், சாதாரண எம்.ஆர்.ஐ. 1.5 டெஸ்லா, அதாவது 750 மடங்கு. மாறும் காந்தப்புலம் உலோகத்துக்குள் சுழல் மின்னோட்டத்தை உண்டாக்கும் என்பது உண்மைதான். ஆனால் 10 மில்லிமீட்டர் தடிமனுள்ள ராடில், இந்தத் துடிப்புகளுக்குக் கணக்குப் போட்டால் வரும் வெப்பம் மில்லிவாட் அளவில்தான் நிற்கிறது. உடல் சும்மா இருக்கும்போதே 80 வாட்டுக்கு மேல் வெப்பம் வெளியிடுகிறது. அந்த மில்லிவாட்டை ரத்த ஓட்டம் சுவடில்லாமல் கொண்டுபோய்விடும்.

ராடு புலத்தை மறைத்துவிடுமோ என்றால், அதற்கும் பயமில்லை. ஒரு உலோகம் எவ்வளவு தடிமனாக இருந்தால் காந்தப்புலத்தை மறைக்கும் என்பது அதிர்வெண்ணைப் பொறுத்தது. 75 ஹெர்ட்ஸில் 316 எல் ஸ்டீலுக்கு அந்த அளவு சுமார் 5 சென்டிமீட்டர். டைட்டானியக் கலவைக்கு அதைவிட அதிகம். துடிப்பின் கூர்மையான முனைகளில் ஒளிந்திருக்கும் 10 கிலோஹெர்ட்ஸ் பகுதிக்குக்கூட ஸ்டீலில் 4 மில்லிமீட்டருக்கு மேல். ஆக, காந்தப்புலத்தைப் பொறுத்தவரை ராடு ஏறக்குறைய ஜன்னல் கண்ணாடிபோல, புலம் ஊடுருவிப் போய்விடும். மின்புலத்தின் கதை வேறு. எலும்புச் செல்கள் உணர்வது, மாறும் காந்தப்புலம் திசுவுக்குள் தூண்டும் மெல்லிய மின்புலத்தைத்தான் என்பது பெரும்பாலானோர் ஏற்கும் கருத்து. உலோகம் எலும்பைவிடக் கோடிக்கணக்கான மடங்கு நன்றாக மின்சாரம் கடத்தும். அதனால் ராடை ஒட்டிய மின்புலம் சீராக இருக்காது. நீளவாக்கில் தணிந்து, ராடின் நுனியிலும் ஸ்க்ரூ முனைகளிலும் கூடும். டைட்டானியத்தின் மேல் இயல்பாகப் படியும் சில நானோமீட்டர் ஆக்சைடு படலம் இந்தக் கணக்கை இன்னும் சிக்கலாக்குகிறது. எனவே, 'உலோகம் இருந்தால் பலன் கூடும்' என்பவரும் 'உலோகம் இருந்தால் பலனே இல்லை' என்பவரும் தெரிந்ததற்கு மேல் பேசுகிறார்கள்.

இந்த உலோகக் குணத்தையே பயன்படுத்திக்கொண்ட முறை ஒன்றும் உண்டு. ஜெர்மனியில் வெர்னர் கிராஸ், ஃபிரிட்ஸ் லெக்னர் இருவரும் 1970களில் வளர்த்த முறை அது. எலும்பில் போடும் ஸ்க்ரூவுக்குள்ளேயே ஒரு சிறு கம்பிச்சுருளை வைத்துவிடுவார்கள். வெளியே 20 ஹெர்ட்ஸ் அளவிலான புலத்தை வைத்தால் உள்ளே இருக்கும் சுருளில் சுமார் 0.7 வோல்ட் தோன்றி, ஸ்க்ரூவின் முனைகள் வழியாக எலும்புக்குப் போகும். வெளிச்சுருள் மட்டும் திசுவில் தூண்டும் புலத்தைவிட இது பலமடங்கு அதிகம். ஆனால் அதற்கென்றே செய்த ஸ்க்ரூவுக்கு மட்டுமே இது பொருந்தும். அப்பாவின் ராடு அப்படிப்பட்டதில்லை.

எலும்புக்கும் மின்சாரத்துக்கும் என்ன உறவு என்று கேட்கிறவர்களுக்கு: ஜப்பானில் இவாவோ யசுதாவும் எய்ச்சி ஃபுகாதாவும் 1957இல் உலர்ந்த எலும்பை அழுத்தினால் மின்னழுத்தம் தோன்றுவதைக் காட்டினார்கள். அமெரிக்காவில் பாசெட்டும் பெக்கரும் 1962இல் அதையே தொடர்ந்தார்கள். ஈரமான, உயிருள்ள எலும்பில் அந்த மின்னழுத்தம் பெரும்பாலும் எலும்பின் நுண்குழாய்களில் திரவம் நகர்வதால் வருகிறது என்பது பிறகு தெளிவானது. நடக்கும்போதும் பாரம் ஏறும்போதும் எலும்புக்குள் இயல்பாக நடப்பது இது. அந்தச் சைகையை வெளியிலிருந்து போலியாகக் கொடுத்தால் என்ன என்பதுதான் பாசெட்டின் எண்ணம். நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் அவர் குழு 1974இல் விலங்குகளில் பலன் கண்டது; 1979இல் அமெரிக்க அரசின் மருந்து, கருவி அனுமதி அமைப்பான எஃப்.டி.ஏ., சேராத எலும்புக்கு இந்தக் கருவியை அனுமதித்தது. செல்லுக்குள் கால்சியம் நகர்வது, அடினோசின் ஏற்பிகள் தூண்டப்படுவது, எலும்பு வளர்க்கும் புரதங்கள் கூடுவது எல்லாம் ஆய்வகத் தட்டுகளில் திரும்பத் திரும்பப் பார்க்கப்பட்டவை. ஆய்வகத் தட்டில் ரத்த ஓட்டம் குறைவதில்லை, ராடு ஆடுவதில்லை, சர்க்கரை ஏறுவதில்லை என்பதையும் நினைவில் வையுங்கள்.

அடுத்து, அளவு. அநேக இடங்களில் பிசகுவது இங்கேதான். '2 மில்லிடெஸ்லா' என்று மட்டும் சொல்வது மருந்தின் பெயரைச் சொல்லாமல் '500 மில்லிகிராம்' என்று சொல்வதுபோல. திசுவில் தூண்டப்படும் மின்புலம், காந்தப்புலம் எவ்வளவு வேகமாக மாறுகிறது என்பதைப் பொறுத்தது. 2 மில்லிடெஸ்லா 200 மைக்ரோவினாடியில் ஏறினால் மாற்ற வேகம் வினாடிக்கு 10 டெஸ்லா. 3 சென்டிமீட்டர் ஆரமுள்ள திசு வளையத்தில் அது சென்டிமீட்டருக்கு 1.5 மில்லிவோல்ட் தூண்டும். பாசெட் வகைக் கருவிகள் குறிவைத்த அளவும் ஏறக்குறைய இதுதான். அதே 2 மில்லிடெஸ்லாவை வீட்டு மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் அலையாகக் கொடுத்தால் கிடைப்பது 0.1 மில்லிவோல்ட்டுக்கும் கீழ், பதினாறில் ஒரு பங்கு. நிலையான காந்தத்தில் மாற்றமே இல்லை, ஆகவே தூண்டலும் இல்லை. காந்த வளையலுக்குச் செலவழிக்கும் பணத்தில் அப்பாவுக்கு முட்டையும் பாலும் வாங்கிக் கொடுங்கள்.

தூரமும் கணக்கில் வரும். இந்தக் கருவியில் உடம்பின் மேல் வைக்கும் பகுதி ஒரு கம்பிச்சுருள். 7 சென்டிமீட்டர் ஆரமுள்ள ஒற்றைச் சுருளை வைத்தால், நடு அச்சில் 3.5 சென்டிமீட்டர் ஆழத்தில் புலம் 72 விழுக்காடாகவும், 7 சென்டிமீட்டரில் 35 விழுக்காடாகவும், 10 சென்டிமீட்டரில் 19 விழுக்காடாகவும் குறைந்துவிடும். கீழ்க்கால் எலும்பின் முன்பக்கம் தோலுக்கு நேர் கீழேயே இருப்பதால் அப்பாவுக்கு இது சாதகம். சற்றுப் பருமனானவரின் இடுப்பு மூட்டுக்கு அதே சுருள் போதவே போதாது. இருபுறமும் ஒவ்வொரு சுருள் வைத்து நடுவில் மூட்டு வரும்படி அமைத்தால் ஆழத்திலும் புலம் ஓரளவு சீராக இருக்கும். அதற்காக வலிமையைக் கூட்டிக்கொண்டே போனால் பலன் கூடும் என்றும் எண்ணவேண்டாம். முயல்களின் தொடை எலும்பில் பல் இம்பிளான்ட் வைத்து 2000ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வில் 0.2, 0.3, 0.8 மில்லிடெஸ்லா மூன்றையும் ஒப்பிட்டார்கள். குறைந்த இரண்டு அளவுகளில்தான் உலோகத்தோடு எலும்பு அதிகம் ஒட்டியிருந்தது. தினம் 4 மணிநேரம் கொடுத்தாலும் 8 மணிநேரம் கொடுத்தாலும் வித்தியாசம் இல்லை.

நேரம் என்றதும் அந்த '20 நிமிடம், பதினைந்து நாள்' நினைவுக்கு வருகிறது. எலும்புக்கென அனுமதி பெற்ற கருவிகளில் சில தினம் 30 நிமிடம், சில 3 மணிநேரம், பழைய வகைகள் 8 முதல் 10 மணிநேரம் என்று கேட்கின்றன. ஒவ்வொரு அலைவடிவத்துக்கும் அதைச் சோதித்த நேரம்தான் பொருந்தும். ஆனால் எந்த வகையானாலும் மாதக்கணக்கில், விடாமல், வீட்டிலேயே போடுவதாகத்தான் ஆய்வுகள் நடந்தன. பதினைந்து நாளில் மனித எலும்பு எந்தத் தூண்டலுக்கும் எக்ஸ்ரேயில் தெரியும் அளவு பதில் சொல்லாது. அப்படி 'தெரிந்தால்' அது தானாகவே சேர்ந்துகொண்டிருந்த எலும்பு.

பலன் உண்டா என்பதற்கு வருவோம். பிரிட்டனில் நடந்த இரண்டு சோதனைகளை அருகருகே வைத்துப் பார்த்தால் நிலைமை புரியும். 1984இல் ஆன்டனி பார்க்கர் குழு (காந்தத்தால் மூளையைத் தூண்டும் முறையை மறுவருடம் காட்டியவர் இவரே) சேராத கீழ்க்கால் எலும்புள்ள 16 பேரை எடுத்தது. நிஜக் கருவி வைத்த 9 பேரில் 5 பேருக்குச் சேர்ந்தது. போலிக் கருவி (பார்க்க ஒன்றுபோல், துடிப்பு வராதது) வைத்த 7 பேரிலும் 5 பேருக்குச் சேர்ந்தது. அதாவது, மாவுக்கட்டு போட்டு, ஊன்றாமல் ஓய்வாக வைத்ததே பலரின் எலும்பைச் சேர்த்திருக்கிறது. பல மருத்துவமனைகளைச் சேர்த்து நடத்தி ஷரார்ட் 1990இல் வெளியிட்ட சோதனையில் சேரத் தாமதமான 45 கீழ்க்கால் முறிவுகள். 12 வாரத்துக்குப் பின் நிஜக் கருவியில் 20 பேரில் 9 பேருக்கும், போலியில் 25 பேரில் 3 பேருக்கும் சேர்ந்திருந்தது. இது நல்ல வித்தியாசம். ஆனால் அவர்கள் மாவுக்கட்டுக்காரர்கள், ராடுக்காரர்கள் இல்லை. தாமதமான, சேராத எலும்புகளைப் பற்றி, மருத்துவச் சோதனைகளைச் சேர்த்து எடைபோடும் காக்ரேன் அமைப்பின் தொகுப்பு 2011இல் வந்தது. நான்கு சோதனைகள், மொத்தம் 125 பேர். பலன் இருக்கலாம், உறுதி சொல்லப் போதாது என்றது. அதே ஆண்டு ஆஸ்திரேலியாவில், புதிதாக முறிந்த கீழ்க்கால் எலும்புக்கு 259 பேரில் நடந்த பெரிய சோதனையில் மறு ஆபரேஷன் தேவைப்பட்டது நிஜக் கருவியில் 15 விழுக்காடு, போலியில் 13. தினம் 10 மணிநேரம் போடச் சொல்லியிருந்தும் சராசரியாக 6.2 மணிநேரமே போட்டிருந்தார்கள். 2016இல் 15 சோதனைகளைச் சேர்த்துப் பார்த்த தொகுப்பு, மின்தூண்டலால் எக்ஸ்ரேயில் சேராமல் போவது 35 விழுக்காடு குறைகிறது, வலியும் கொஞ்சம் குறைகிறது, ஆனால் நடமாட்டத்தில் வித்தியாசம் தெரியவில்லை என்றது.

உலோகம் உள்ளே இருந்தபோதே செய்த பெரிய சோதனை வேண்டுமானால் கழுத்துப் பகுதி முதுகெலும்பில் இருக்கிறது. பிளேட் வைத்து எலும்பு இணைப்பு செய்த 323 பேர். புகைப்பவர்கள் அல்லது ஒன்றுக்கு மேற்பட்ட இடத்தில் இணைத்தவர்கள். ஆறு மாதத்தில் கருவி வைத்தவர்களில் 83.6 விழுக்காடும் மற்றவர்களில் 68.6 விழுக்காடும் இணைந்திருந்தனர். ஒரு வருடத்தில் அந்த இடைவெளி உறுதியாகச் சொல்ல முடியாத அளவுக்குச் சுருங்கிவிட்டது. என் கணிப்பு இதுதான்: சேரும் வழியில் இருந்து மந்தப்பட்ட எலும்பை இது சற்று முடுக்கலாம். சேரவே வழியில்லாத எலும்பைச் சேர்க்காது.

அந்த 'வழி' என்ன என்பதுதான் அப்பாவின் விஷயத்தில் முக்கியம். முதலாவது, அசைவு. முறிந்த இடத்தில் திசு எவ்வளவு இழுபடுகிறது என்பதை வைத்து ஸ்டெஃபான் பெரன் ஒரு கணக்குச் சொன்னார்: 2 விழுக்காட்டுக்குள் இருந்தால் எலும்பு உருவாகும், 10 வரை குருத்தெலும்பும் நாரும்தான் தாங்கும், அதற்கு மேல் அதுவும் இல்லை. ராடு மெலிதாக இருந்தாலோ, பூட்டும் ஸ்க்ரூ தளர்ந்தாலோ, உடைந்தாலோ இந்த எல்லை தாண்டிவிடும். எக்ஸ்ரேயில் முறிவின் இரு முனைகளும் யானைப் பாதம்போல் அகன்று, நடுவில் கோடு மட்டும் மிஞ்சியிருந்தால் எலும்பு வளரத் துடிக்கிறது, நிலைப்புதான் இல்லை என்று பொருள். முனைகள் மெலிந்து கூர்ந்திருந்தால் ரத்த ஓட்டமும் உயிர்ப்பும் குறைவு என்று பொருள். இரண்டுக்கும் வைத்தியம் வேறு. நிலைப்பு குறைந்ததற்கு, கூடுதல் தடிமனுள்ள ராடு மாற்றுவார்கள். ஸ்க்ரூவே முனைகளைத் தள்ளிப் பிடித்துக்கொண்டிருந்தால் ஒருபக்க ஸ்க்ரூவை மட்டும் எடுத்து, ஊன்றும்போது முனைகள் அழுந்தவிடுவார்கள். அது சின்ன ஆபரேஷன்தான். உயிர்ப்பு குறைந்ததற்கு இடுப்பெலும்பிலிருந்து எலும்பு எடுத்து வைப்பார்கள். இடைவெளி 1 சென்டிமீட்டரையோ எலும்பின் பாதி விட்டத்தையோ தாண்டினால் காந்தத் துடிப்பால் அதை நிரப்ப முடியாது. முறிவிடம் திரவப் பையோடு பொய்மூட்டாகவே மாறிவிட்டாலும் முடியாது.

இரண்டாவது, உள்ளே புகைந்துகொண்டிருக்கும் கிருமித்தொற்று. சர்க்கரை உள்ளவருக்கு ஏழு மாதமாகச் சேராத எலும்பு என்றால் இ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. (உள்ளே அழற்சி இருக்கிறதா என்று காட்டும் ரத்தப் பரிசோதனைகள்) இரண்டையும் பார்க்காமல் எந்த மெஷினுக்கும் போகவேண்டாம். காய்ச்சல் இல்லை, சீழ் இல்லை என்பதால் தொற்றில்லை என்றாகிவிடாது. மூன்றாவது, உடல்நிலை: மூன்று மாதச் சர்க்கரை சராசரி, வைட்டமின் டி, புரதம், புகை. அவர் பீடியோ சிகரெட்டோ பிடிப்பவர் என்றால் அதை நிறுத்துவது எந்தச் சுருளையும்விடப் பெரிய சிகிச்சை. வலிமாத்திரையை மாதக்கணக்கில் தொடர்ந்து போடுகிறாரா என்பதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். சிலவகை வலிமாத்திரைகள் எலும்பு சேர்வதைத் தாமதப்படுத்தும் என்ற ஐயம் உண்டு.

ஏழு மாதம் என்பது ஒரு நடுத்தரமான கட்டம். முறிந்து ஒன்பது மாதமாகி, கடைசி மூன்று மாதமாக எந்த முன்னேற்றமும் இல்லாவிட்டால்தான் 'சேராத எலும்பு' என்று வழக்கமாகப் பெயரிடுவார்கள். அதனால் ஆபரேஷன் செய்த டாக்டரிடம், நான்காவது மாத எக்ஸ்ரேயையும் இப்போதையதையும் பக்கத்தில் வைத்து, நான்கு பக்கப் புறணியில் (எலும்பின் கெட்டியான வெளிச்சுவரில்) எத்தனையில் பாலம் விழுந்திருக்கிறது, ஸ்க்ரூ ஏதும் உடைந்திருக்கிறதா, தொற்றுக்கான பரிசோதனை சரியா என்று கேளுங்கள். நிலைப்பு சரி, தொற்று இல்லை, இடைவெளி இல்லை, கொஞ்சமாவது புது எலும்பு தெரிகிறது என்றால் இந்தக் கருவியை முயற்சிப்பதில் தவறில்லை. எனக்கு அதில் தயக்கம் இல்லை.

முயற்சிப்பதானால், எலும்பு முறிவுக்கென்றே அனுமதி பெற்ற, வீட்டில் வைத்துக்கொள்ளும் கருவியாக இருக்கட்டும். எக்ஸ்ரேயைப் பார்த்து முழங்கால் மூட்டுக் கோட்டிலிருந்து முறிவு எத்தனை சென்டிமீட்டர் கீழே என்று அளந்து, காலில் பேனாவால் குறியுங்கள். சுருளின் நடு அந்தக் குறிக்கு நேரே வரவேண்டும். நான்கு விரற்கடை நகர்ந்துவிட்டால் பாதிப் பலனும் போய்விடும். துணி, கட்டு, மாவுக்கட்டு எதுவும் புலத்தைத் தடுக்காது, மேலேயே வைக்கலாம். அப்பாவுக்கு ராடு என்பதால் வளையக் கவலை இல்லை. ஆனால் காலைச் சுற்றி இலிசரோவ் வளையம் (வெளியிலிருந்து எலும்பைப் பிடிக்கும் உலோகச் சட்டம்) போட்ட யாராவது இதைப் படித்தால் கவனிக்கவும். மூடிய உலோக வளையம் தன்னூடாகப் போகும் துடிப்பை எதிர்த்து மின்னோட்டம் ஓட்டிக் குறைத்துவிடும், அலுமினிய வளையத்தில் அதிகமாக. அவர்கள் சுருளைக் காலைச் சுற்றி மாட்டாமல், வளையங்களுக்கு நடுவே பக்கவாட்டில் வைக்கவேண்டும். கருவி வேலை செய்கிறதா என்று சந்தேகம் வந்தால் பழைய ஏ.எம். ரேடியோவை நிலையம் எதுவும் பிடிக்காத இடத்தில் திருப்பிவைத்துச் சுருளருகே கொண்டுபோங்கள். துடிப்பு இருந்தால் கரகரவென்று தாளத்தோடு சத்தம் வரும். துடிப்பு வருகிறது என்பதை மட்டும் அது காட்டும், அளவு சரியா என்பதைக் காட்டாது. தினம் எத்தனை மணிநேரம் போட்டார் என்பதைக் கருவியே கணக்கு வைக்கும். இல்லாவிட்டால் காலண்டரில் குறியுங்கள். மறந்த நாட்கள் சேர்ந்துதான் இந்தச் சிகிச்சை பெரும்பாலும் தோற்கிறது. ஊன்றி நடக்க டாக்டர் அனுமதித்த பாரத்தை நிறுத்தவேண்டாம். அதுவும் எலும்புக்குச் சைகைதான். ஆறு வாரத்துக்கு ஒருமுறை ஒரே கோணத்தில் எக்ஸ்ரே. பன்னிரண்டு வாரத்தில் படத்தில் எந்த மாற்றமும் இல்லை, வலியும் அப்படியே என்றால் கருவியைக் கழற்றிவைத்துவிட்டு ஆபரேஷன் பேச்சுக்குப் போங்கள். 'இன்னும் மூன்று மாதம் பார்ப்போம்' என்று இழுத்தால் ராடு களைத்து உடையும். உடைந்த ராடை எடுப்பது முழு ராடை மாற்றுவதைவிடக் கடினம்.

யாருக்கு வேண்டாம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பேஸ்மேக்கர், இதயத்தில் பொருத்திய அதிர்ச்சிக் கருவி, காதுக்குள் பொருத்திய காக்ளியர் கருவி, உடலுக்குள் உள்ள மருந்து பம்ப் ஆகியவை இருந்தால் அவற்றின் டாக்டரைக் கேட்காமல் சுருளை உடம்பருகே கொண்டுவரக் கூடாது. கர்ப்பிணிகளுக்கும் எலும்பு வளர்ச்சி முடியாத பிள்ளைகளுக்கும் பாதுகாப்பு நிறுவப்படவில்லை. கட்டி உள்ள எலும்பில் வைக்கக் கூடாது.

அம்மாவின் விஷயத்தில் என் பதில் இன்னும் கண்டிப்பானது. உலோகத்தை எலும்பு பிடித்துக்கொள்ள இரண்டுக்கும் நடுவே அசைவு மிகக் குறைவாக இருக்கவேண்டும். நாய்களில் 1986இல் வெளியான ஆய்வில் 28 மைக்ரான் அசைவில் எலும்பு உள்ளே வளர்ந்தது. 150 மைக்ரானில் நார்த்திசுதான் வந்தது. 150 மைக்ரான் என்பது ஒன்றிரண்டு தலைமுடித் தடிமன். பதினோரு வருடத்துக்குப் பின் தளர்ந்த தண்டு ஒவ்வொரு அடிக்கும் ஆடிக்கொண்டிருக்கிறது. தேய்ந்த பிளாஸ்டிக் துகள்களை விழுங்கிய செல்களும் எலும்பை அரித்துக்கொண்டிருக்கலாம். காந்தத் துடிப்பு இந்த இரண்டையும் நிறுத்தாது. சிமென்ட் வைத்த தண்டு தளர்ந்தவர்களில் இதை நேராகச் சோதித்து 1993இல் வெளியிட்டார்கள். ஆறு மாதத்தில் நிஜக் கருவியில் 19 பேரில் 10 பேருக்கு நலம், போலியில் 18 பேரில் 2 பேருக்கு. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் நலமடைந்தவர்களில் 60 விழுக்காட்டினருக்குப் பதினான்கு மாதத்தில் பழைய வலி திரும்பியது. தினம் ஒரு மணிநேரம் தொடர்ந்து போட்டும் மூன்றாவது வருடத்தில் அது 90 விழுக்காடானது. மயக்க மருந்தே தாங்காத உடல்நிலை உள்ளவருக்குக் கொஞ்சக் காலம் வலி குறைக்க இது ஒரு வழி. மறு ஆபரேஷன் தாங்கக்கூடியவருக்கு, வலி குறைந்த அந்த மாதங்களில் எலும்பு மேலும் அரிக்கப்படுவதுதான் நஷ்டம்.

ஆபரேஷனுக்குப் பிறகு என்றால் நிலைமை மாறுகிறது. தளர்ந்த இடுப்பு மூட்டை மாற்றிய 30 பேரில், இத்தாலியில் 2009இல் வெளியான சோதனையில், தினம் 6 மணிநேரம், 90 நாள் கருவி வைத்தார்கள். புதுத் தண்டின் உட்பக்கத்தை ஒட்டிய சில பகுதிகளில் எலும்பு அடர்த்தி கூடியிருந்தது. சிறிய சோதனைதான். ஆனால் தண்டு உறுதியாகப் பொருந்திய பிறகு, பிடிப்பு உருவாகும் முதல் மூன்று மாதத்தில் கொடுத்தார்கள் என்பதுதான் அதில் கவனிக்கவேண்டியது. அம்மாவின் டாக்டரிடம் இதை அந்தக் கட்டத்துக்கான கேள்வியாகக் கேட்டுவையுங்கள். இப்போதைக்கு, பதினோரு வருட எக்ஸ்ரேக்களையும் தேதி வாரியாக அடுக்கிக் கொண்டுபோங்கள். தண்டைச் சுற்றியுள்ள கறுப்புக் கோடு எந்த வருடத்திலிருந்து அகன்றது, தண்டு எவ்வளவு இறங்கியிருக்கிறது என்பது பழைய படங்களோடு ஒப்பிட்டால்தான் தெரியும். தொடையில் திடீரென்று கடும் வலி வந்து ஊன்றவே முடியாமல் போனால், அது தண்டைச் சுற்றிய எலும்பு முறிந்ததாக இருக்கலாம். அன்றே படம் எடுக்கவேண்டும், நடத்திக் கூட்டிப்போகாமல் படுக்கவைத்தே கொண்டுபோங்கள்.